நாலாக மடித்த துணி

திருச்சுழியில் யாரைக் கேட்டாலும் 1879ஆம் ஆண்டு என்றதும் ஒரே பிறப்பைத்தான் சொல்வார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி, ஆருத்ரா தரிசன இரவில், திருமேனிநாதர் கோயிலை ஒட்டிய வீட்டில் வக்கீல் சுந்தரமய்யருக்குப் பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. பதினாறு வயதில், 1896இல், மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பித் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர், 1950இல் கண் மூடும்வரை அந்த மலையைவிட்டு நகரவில்லை. எங்கள் பிள்ளைப் பருவத்தில் இதைச் சொல்லாத பெரியவர் கிடையாது. கேட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளும்படி ஒரு குன்றுகூட இல்லாத கரிசலில் நின்றுகொண்டு, மலை என்று ஒன்று இருந்தால்தான் மனிதருக்கு அப்படியெல்லாம் தோன்றும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த உயரமெல்லாம் கோயில் கோபுரமும் கண்மாய்க் கரையும் அருப்புக்கோட்டை நூல் மில்லும்தான்.

அதே 1879இல் லண்டனில், வசதியான வணிகர் வீட்டில் ஒரு பெண் பிறந்தார் என்பதும், அவரும் தமிழ்நாட்டு மலை ஒன்றுக்காக வீட்டையும் சுகத்தையும் விட்டு வந்து, 95 வயதுவரை வாழ்ந்து, இந்த மண்ணிலேயே அடங்கினார் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பிறந்த வீட்டில் அவர் ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ். மணமானபின் ஈவ்லின் பிராண்ட். தலை நரைத்தபின் ‘கிரானி பிராண்ட்’. அவருடைய மலை, நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலை.

வேலைக்குப் போன புதிதில் சேந்தமங்கலத்துப் பக்கம் கொஞ்ச காலம் இருந்தேன். அறை ஜன்னலைத் திறந்தால் கொல்லிமலை தெரியும். கரிசல்காட்டுப் பையனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? காலையில் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேகம் இறங்குவதும் ஏறுவதும் ஒரு வேடிக்கை. மாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து திரும்பவும் அதையே பார்ப்பேன். ஊருக்குக் கடிதம் எழுதும்போது மழை பெய்தது, மேகம் வந்தது என்று மலைச் செய்தியாகவே எழுதியிருக்கிறேன். மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்துக் கிடந்த என் வீட்டார் அதை எப்படி வாசித்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என்னவோ செய்கிறது. மலைக்குப் பஸ் உண்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதியிருக்கும்; எண்ணிக்கொண்டே போவதில்தான் பாதி மகிழ்ச்சி. மேலே வல்வில் ஓரி, அறப்பளீஸ்வரர், எட்டுக்கை அம்மன், ஆகாய கங்கை என்று நான்கைந்து பெயர்களோடு திரும்பினேன். மிஷன் பாட்டியின் பெயர் காதில் விழுந்தது அப்போதுதான். அவருடைய வாழ்க்கையை முழுசாகப் படித்தது என் தலையும் நரைக்கத் தொடங்கியபிறகு.

ஈவ்லின் குடும்பம் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. பிறந்த குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. விவரம் தெரிந்து, நம்பிக்கை வந்து, தானாகக் கேட்கிற ஆளை முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பதுதான் அவர்களுக்கு ஞானஸ்நானம். ஆந்திரத்திலும் வடகிழக்கிலும் பரவிய அளவுக்கு அந்தச் சபை நம் பக்கம் பரவவில்லை. அருப்புக்கோட்டை வட்டாரத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டியவர்கள் அமெரிக்கன் மதுரை மிஷன்காரர்கள், அவர்கள் வேறு. சேலம், நாமக்கல் பகுதியில் வேலை செய்த ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்தான் ஈவ்லினை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

அதற்கு முன் அவர் ஓவியர். லண்டனில் முறையாக ஓவியம் படித்தவர். உடுப்பும் தொப்பியும் பார்த்துப் பார்த்து அணிகிற வீட்டுப் பெண். அவர்கள் சபைக்கு வந்து, கொல்லிமலை மக்களின் காய்ச்சலையும் வறுமையையும் பற்றிப் பேசிய ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞரின் பேச்சு அவர் மனத்தை அசைத்துவிட்டது. முப்பது வயதைக் கடந்து கப்பலேறினார். 1913இல் ஜெஸ்ஸியைத் திருமணம் செய்துகொண்டு மலையேறினார். அப்போது எழுபது வளைவும் இல்லை, ஒரு வளைவும் இல்லை. காட்டுப் பாதையில் நடை. முடியாத இடத்தில் டோலி. சமவெளிக்காரர்கள் அந்த மலையில் இரவு தங்கப் பயப்பட்ட காலம் அது, பேய்க்குப் பயந்தல்ல, மலேரியாவுக்குப் பயந்து. இன்று அதே மலைக்குச் சனிக்கிழமை காலையில் குடும்பத்தோடு காரில் ஏறி, ஞாயிறு மாலை இறங்கிவிடுகிறோம். தங்கும் விடுதியில் சுடுதண்ணீர் வரவில்லை என்றால் ஆளைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறோம்.

1914இல் மகன் பால் பிறந்தான், பிறகு ஒரு மகள். மலையில் பள்ளிக்கூடம் கிடையாது, தாய்தான் வாத்தியார். மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் கணக்குப் போடுவேன் என்று பையன் அடம் பிடித்தால், அதற்கும் சரி. கிளையில் உட்கார்ந்து கணக்கைப் போட்டு முடித்துத் தாளைக் கீழே போடுவான். மரத்தடியில் இருக்கும் தாய் எடுத்துத் திருத்துவார். இதைப் படித்தபோது எங்கள் ஆரம்பப் பள்ளி வேப்பமரமும், அதன் கீழ் மணலைப் பரப்பி விரலால் ‘அ’ எழுதியதும், விரல் நுனி எரிந்ததும் ஞாபகம் வந்தன. உங்களுக்கும் ஒரு மரம் இருந்திருக்கும். என் பேரன் படிக்கிற பள்ளியில் எல்லா வகுப்பிலும் ஏசி. மரமும் இருக்கிறது, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, தாவரவியல் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரைச் சரியாகச் சொல்கிறான். ஏறச் சொன்னால் என்னைப் பாவமாகப் பார்க்கிறான்.

மலைக்குப் போன முதல் சில ஆண்டுகளில் அவர்கள் பேச்சைக் கேட்டு ஒருவரும் மனம் மாறவில்லை. ஊர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். பிறகு 1918இல் இன்ஃபுளூயன்சா வந்தது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேலானவர்களைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் மலையையும் விடவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சொந்தக்காரர்களே ஒதுங்கி நின்ற வீடுகளுக்குள் கணவனும் மனைவியுமாகக் கஞ்சிப் பாத்திரத்தோடு போனார்கள். பூசாரியும் விழுந்தார். சாகும் தறுவாயில், எதிர்த்து நின்ற அதே வெள்ளைக்காரக் குடும்பத்தை அழைத்துத் தன் பெண் குழந்தையை ஒப்படைத்தார். அவர்கள் வளர்த்தார்கள். மலை அதன் பிறகுதான் அவர்களை உள்ளே விட்டது. தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள், பழமரக் கன்று வளர்த்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், பல் பிடுங்கினார்கள், புண் கழுவினார்கள். மலைக்காரன் கடனில் மூழ்காமல் இருக்க நாலு காசு கையில் புழங்க வேண்டும் என்பது அவர்களுக்கு வேதத்துக்கு வெளியே உள்ள விஷயமாகப் படவில்லை.

1923இல் படிப்புக்காகப் பிள்ளைகளை இங்கிலாந்தில் விட்டுவிட்டு இருவரும் திரும்பினார்கள். பாலுக்கு ஒன்பது வயது. அதன் பிறகு அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929 ஜூனில் மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகிற கொடிய காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார், 44 வயதில். தந்தி இங்கிலாந்துக்கு உடனே போய்விட்டது. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. இறந்த தகப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கடிதம் வந்தது. மலையைப் பற்றி, மரங்களைப் பற்றி எழுதியிருந்தார். இன்று துபாயில் இருக்கிற என் மகன் தினமும் வீடியோவில் வருகிறான். முகத்தைப் பார்க்கிறேன், சாப்பிட்டாயா என்கிறேன், அவ்வளவுதான், பேச ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கடிதங்கள்போல் ஒன்றை நான் அவனுக்கு எழுதியதில்லை. எழுத வேண்டிய அவசியத்தை செல்போன் வைக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலாக என்னைப் பிடித்து உட்கார வைத்தது நரம்புச் சிலந்திக் கதைதான்.

எங்கள் அப்பத்தாவின் கெண்டைக்காலில் குண்டுமணி அளவுக்குச் சுருங்கிய வடு ஒன்று இருக்கும். மடியில் படுத்துக்கொண்டு அதை விரலால் தடவுவேன். “சிலந்தி வந்து போன எடம்டா” என்பாள். வலையில் இருக்கிற சிலந்திதான் அப்பத்தாவைக் கடித்துவிட்டது என்று வெகுநாள் நம்பி, வீட்டில் எட்டுக்காலைக் கண்டால் அவளுக்காகப் பழிவாங்கியிருக்கிறேன். பிறகுதான் சொன்னாள்: காலில் கொப்புளம் வரும், தீயாக எரியும், தண்ணீரில் வைத்தால்தான் குளிரும், கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் நுனி ஒன்று எட்டிப் பார்க்கும். அதை ஈர்க்குச்சியில் மெல்லச் சுற்றி, இன்றைக்கு விரற்கடை, நாளைக்கு விரற்கடை என்று நாள்கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் கால் பெருத்துச் சீழ் வைக்கும், வெள்ளாமை நேரத்தில் ஆளைக் கட்டிலில் போட்டுவிடும். ஒரு புழு இரண்டடி மூன்றடி நீளம்.

நோயின் வட்டம் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. எரிகிற காலை ஊருணியிலோ படிக்கிணற்றிலோ வைத்ததும் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரை யாராவது குடத்தில் மொண்டு போய்க் குடித்தால், ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அவர் காலில் கொப்புளம். மருந்தே இல்லை, அன்றும் இன்றும். தடுக்க வழி மட்டும் உண்டு: தண்ணீரைத் துணியில் வடிகட்டு, புண்ணுள்ளவன் காலை நீரில் வைக்காதே, இறங்குகிற கிணற்றுக்குச் சுவர் எழுப்பி, வாளியால் இறைக்கிற கிணறாக்கு.

கொல்லிமலையில் இதே புழுவோடுதான் பிராண்ட் குடும்பம் மல்லுக்கட்டியது. அப்பா குச்சியில் புழுவைச் சுற்றி எடுப்பதைச் சிறுவயதில் அருகிலிருந்து பார்த்ததைப் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். கிணற்றுக்குச் சுவர் கட்டுங்கள் என்று ஜெஸ்ஸி தொடங்கியதை, அவர் போனபின் ஈவ்லின் கிழவியாகும்வரை விடவில்லை. ஊர் ஊராகப் போனார், கிணற்றை எட்டிப் பார்த்தார், சுவர் எங்கே என்று கேட்டார், வீட்டில் துணி எங்கே என்று கேட்டார். மறுமுறை போகும்போது திரும்பவும் கேட்டார். அந்த மலையில் நரம்புச் சிலந்தி ஒழிந்ததற்குப் பெரும்பங்கு அந்த ஒரு கிழவி கேட்ட கேள்விகளுக்கு உண்டு.

எங்கள் ஊரில் கேட்பதற்கு ஆளில்லை என்று சொல்ல மாட்டேன். அப்பத்தாவே கேட்பாள். வேட்டித் துணியை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டாமல் தண்ணீர் எடுத்து வந்தால், வாசலிலேயே கொட்டச் சொல்லிவிடுவாள். அந்தத் துணி அருப்புக்கோட்டைத் தறியில் நெய்த துணி. விடிகாலையில் டவுனுக்குப் போனால் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று இழையை நீவிக்கொண்டே போக, ஈரக் கஞ்சி வாசனை தெருவெல்லாம் அடிக்கும். சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், யாரும் அலுத்துக்கொண்டதில்லை. வீட்டுக்குள் குழித்தறியின் சத்தம் பேசுகிற வேகத்தில் இருக்கும், அதோடு சேர்ந்தே ஊர்க்கதை பேசலாம். விசைத்தறி வந்தபின் அந்தத் தெருக்களில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்பதில்லை. துணி அதிகமாக வருகிறது, கூலியும் கைத்தறியைவிடப் பரவாயில்லை என்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

நரம்புச் சிலந்தி தமிழ்நாட்டில் 1980களின் தொடக்கத்திலேயே ஒழிந்துவிட்டது. நாடு முழுவதற்குமான ஒழிப்புத் திட்டம் 1983-84இல் வந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில். 2000ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவில் அது இல்லை என்று சான்று கொடுத்தது. தடுப்பூசி இல்லை, மாத்திரை இல்லை. சுவர், துணி, கைபம்பு, திரும்பத் திரும்பச் சொல்லும் வாய், இவ்வளவுதான் ஆயுதம். இவ்வளவு பெரிய வெற்றியை நாம் கொண்டாடவே இல்லை. நரம்புச் சிலந்தி என்று என் பேரனிடம் சொன்னால், அது எந்தப் படத்தில் வரும் வில்லன் என்று கேட்கிறான்.

புழு போனது, ஊருணியும் போய்விட்டது. குழாய் வந்த அன்று ஊரே கூடி மாலை போட்டோம், நானும் முதல் குடத்தை எட்டிப் பார்த்தேன். எங்கோ ஓர் ஆற்றின் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்தது சாதாரண விஷயமா? ஆனால் குழாய் வந்த மறுவருஷமே ஊருணிக் கரையில் செருப்போடு நடந்தார்கள். அடுத்து மாடு இறங்கியது, அதற்கடுத்து குப்பை, கடைசியாக வேலிக்கருவை. இப்போது குழாய்த் தண்ணீரையும் யாரும் குடிப்பதில்லை, இருபது லிட்டர் கேன் வருகிறது. அதில் பூச்சி கிடையாது. ஊருணித் தண்ணீருக்கு இருந்த அந்த லேசான மண் இனிப்பும் கிடையாது. வெயிலில் நடந்து வந்து, மண்பானையில் சொம்பை விட்டு மொண்டு, அண்ணாந்து ஊற்றிக்கொண்டபோது நெஞ்சுவரை இறங்கிய குளிர்ச்சியை நினைவு வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறோம்.

ஈவ்லினுக்கு வருகிறேன். 1940களின் பிற்பகுதியில், எழுபதை நெருங்கியபோது, வயதாகிவிட்டது என்று மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. வழியனுப்பு விழா வைத்தார்கள். விழா முடிவில் எழுந்து, இனி நான் உங்கள் ஊழியர் இல்லை, அதனால் தடுக்கவும் முடியாது, மலைக்குப் போகிறேன் என்கிற பொருளில் அறிவித்துவிட்டு, கொல்லிமலையில் சின்னக் குடிசை ஒன்றைக் கட்டிக்கொண்டு குடியேறிவிட்டார். கணவரும் அவரும் ஒரு காலத்தில் போட்ட திட்டம் ஒரு மலையோடு முடியவில்லை. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என்று அடுத்தடுத்து ஐந்து மலைகள். அந்தக் கணக்கைத் தனியாக முடிக்கக் கிளம்பினார். சம்பளம் இல்லை, மேலதிகாரி இல்லை. பணம் திரட்டுவது, ஆள் பிடிப்பது, இடம் தேடுவது எல்லாம் அவரே. இன்றைக்கு இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் முதலீட்டாளரைத் தேடித் தொழில் தொடங்குகிறார்கள், நல்லது. இவர் எழுபதில் தொடங்கினார், கையில் இரண்டு மூங்கில் கம்புகள், ஏறிப் போக ஒரு மட்டக்குதிரை.

எனக்கு 58இல் ஓய்வு. சால்வை, மோதிரம், மைக்கில் நாலு பேர் பாராட்டு, வீட்டு வாசல்வரை வேனில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் வீட்டில் எனக்காக ஒரு நாற்காலி திண்ணையில் போடப்பட்டிருந்தது. அன்போடுதான் போட்டார்கள். வெயிலில் போகாதீர்கள், படி ஏறாதீர்கள், இனி உட்கார்ந்து சாப்பிடுங்கள். நம் ஊரில் முதியவருக்கு நாம் கொடுக்கும் பெரிய மரியாதை அவரை ஒன்றும் செய்ய விடாமல் வைப்பதுதான். அப்பத்தா காலத்தில் அப்படி இல்லை. கண் மங்கியபிறகும் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள், பருத்திக்கொட்டையை ஆட்டி மாட்டுக்கு வைத்தாள், வாசலில் தண்ணீர்க் குடத்தைச் சோதித்தாள். அவளுக்கு ஓய்வுத் தேதி என்று யாரும் குறிக்கவில்லை.

வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றிருந்த மகன், டாக்டர் பால் பிராண்ட், மலையைவிட்டு வந்துவிடுங்கள் என்று தாயை எத்தனையோ முறை அழைத்திருக்கிறார். விழுந்தார், எலும்பு முறிந்தது, காய்ச்சல் வந்தது, வரவில்லை. தொண்ணூறைத் தாண்டியும் குதிரையில் போனார். சேணத்தில் உட்கார முடியாதபோது தூளி கட்டித் தூக்கிப் போனார்கள். கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதுகிறார். நிறத்தையும் நிழலையும் பார்க்கப் பயின்ற ஓவியர், தன் முகத்தை மட்டும் பார்க்காமல் விட்டார். மலைக்காரர்களின் முகங்கள்தான் அவருக்குப் பார்க்கப் போதுமாக இருந்தன என்று நான் நினைத்துக்கொள்கிறேன். 1974 டிசம்பரில் இறந்தார். கொல்லிமலையில் ஜெஸ்ஸியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைக்கு நான் போயிருக்கிறேன். இந்தமுறை மகனின் காரில் எழுபது வளைவையும் ஏறினோம். மரவள்ளிக் காடும், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக்கும், விடுதிப் பலகைகளும் வந்துவிட்டன. சாமையும் தினையும் அங்கேயே பாக்கெட்டில் விற்கிறார்கள். நான் வளைவுகளை எண்ணினேன். பேரன் காதில் பாட்டு மாட்டியிருந்தான். நாற்பதாவது வளைவில் கழற்றிவிட்டு அவனும் எண்ணத் தொடங்கினான்.

எங்கள் ஊருணியைத் தூர் வாருவது என்று போன மாதம் பேச்சு வந்தது. வேலிக்கருவையை வேரோடு பிடுங்க ஜேசிபிக்காரர் மணிக்கு எவ்வளவு கேட்கிறார், மண்ணை எங்கே கொட்டுவது, படித்துறையை விட்டுவிட்டுக் கைப்பிடிச்சுவர் எழுப்பலாமா என்று இளைஞர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். படி வேண்டாம், சுவரே இருக்கட்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். அப்பத்தாவின் காலில் இருந்த வடுவிலிருந்து ஆரம்பித்துச் சொல்லத் தொடங்கினேன். திண்ணை நாற்காலியில் இருந்தல்ல, கரையில் நின்றுகொண்டு, வெயிலில்தான்.